விருந்தினன் அறம்

வீடு தேடி வந்தவரை எவ்வாறு போற்றுதல் வேண்டும் என்பதை நம் முன்னோர் விரிவாகவே சொல்லிச் சென்றனர். திருக்குறளின் 133 அதிகாரங்களுள் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரம் உண்டு. ஆனால், வந்தவர் எவ்வாறு நடந்துகொள்ளுதல் வேண்டும் என்பதற்குத் தனியே ஓர் அதிகாரம் இல்லை. நடுவு நிலைமை, ஒப்புரவறிதல், வெஃகாமை ஆகியவற்றிலிருந்து அதனை நாமே திரட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது. சொந்த ஊரில் வாழ்ந்து, தன் வீட்டில் பிறரை வரவேற்பவனுக்கு இது பெரிய குறையாகத் தோன்றாது. பிழைப்பின் பொருட்டுப் பிறர் வாழும் நாட்டில் வந்து குடியிருக்கும் நம்போன்றோர்க்கோ அந்த எழுதப்படாத அதிகாரமே நாள்தோறும் வேண்டியதாகிறது.

இவ்வினாவை நான் நூல்களில் தேடிக்கொண்டிருந்த காலமும் உண்டு. ஆனால் அது என்னைத் தேடிவந்து நின்ற இடம் சிலிகா ஏரி. அங்கு ஓர் இரவில் நான் செய்த பிழை ஒன்றையும், அதிலிருந்து கற்றதையும் இங்கே எழுதத் துணிகிறேன்.

சிலிகாவை ஏரி என்று வழங்கினாலும் தமிழில் அதற்குப் பொருந்தும் சொல் காயல் என்பதே. ஒருபுறம் மகாநதியின் கிளைகளான தயா, பார்கவி முதலியவை நன்னீரைக் கொண்டு சேர்க்கின்றன. மறுபுறம் வங்கக் கடல் தன் உப்பு நீரைச் செலுத்துகிறது. கோடையில் ஏறத்தாழ 900 சதுர கிலோமீட்டராகச் சுருங்கும் நீர்ப்பரப்பு, மழைக்காலத்தில் 1,100 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரியும். பூரி, கோர்தா, கஞ்சம் என்னும் மூன்று மாவட்டங்களைத் தொட்டுக் கிடக்கும் இக்காயல், பரப்பால் பெரியதே ஒழிய ஆழத்தால் பெரியதன்று. பெரும்பகுதியில் ஆழம் ஆளுயர அளவே. பனிக்காலத்தில் மத்திய ஆசியாவிலிருந்தும் சைபீரியாவிலிருந்தும் இலட்சக்கணக்கான பறவைகள் வந்து தங்குகின்றன. ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் 1981ஆம் ஆண்டிலேயே இடம்பெற்ற நீர்நிலை இது.

பொங்கல் விடுமுறையில் நண்பர் ஒருவர் தமக்குச் சொந்தமான சிறு மோட்டார்ப் படகில் ஏரியைக் கடந்து வரலாம் என்று அழைத்தார். அவரும், பன்னிரண்டு வயதான அவர் மகனும், நானும், ஒடியாவைத் தாய்மொழியாகக் கொண்ட முதிய படகோட்டி ஒருவரும் ஆக நால்வர் பர்க்குல் கரையிலிருந்து புறப்பட்டோம். தீவுகளுக்கிடையே ஓர் இரவு நங்கூரமிட்டுத் தங்கி, மறுநாள் காலை சாத்தபடாவை அடைவது எங்கள் எண்ணம். அங்கிருந்து பூரி சென்று, பிற்பகல் இரயிலில் நண்பர் வெளியூர் செல்ல வேண்டியிருந்தது.

வழியில் காளிஜாயி தீவு. மணமுடித்துப் புகுந்த வீட்டுக்குப் படகில் சென்ற பெண்ணொருத்தி புயலில் ஏரியுள் மறைந்தாள் என்றும், அவளே அங்குத் தெய்வமாய் நின்றாள் என்றும் மக்கள் நம்புகின்றனர். மகர சங்கராந்திக்கு அங்குப் பெருங்கூட்டம் கூடும். படகோட்டி இயந்திரத்தின் வேகத்தைத் தணித்து, கைகூப்பி வணங்கிய பிறகே மேலே செலுத்தினார். பறவைகள் தங்கும் நளபணா திட்டை வெகுதூரம் விலகிச் சுற்றினோம். பொழுது சாயும் நேரத்தில் பாரிகூடுத் தீவுகளின் பக்கம் காற்று அடங்கியதோர் இடத்தைக் கண்டு படகோட்டி நங்கூரம் இறக்கினார்.

நங்கூரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கலத்தை நிறுத்துவது நங்கூரத்தின் எடை மட்டுமன்று. அதன் கொழு சேற்றைக் கவ்வும் பிடிப்பும் ஆகும். கயிறு மேல்நோக்கி இழுத்தால் கொழு பெயர்ந்துவிடும். நிலத்தோடு ஒட்டிக் கிடையாக இழுத்தால் மேலும் ஆழமாகப் பதியும். ஆகவே நீரின் ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விட வேண்டும் என்பது கடலோடிகள் கைக்கொள்ளும் கணக்கு. அங்கே ஆழம் ஒரு பாகம். படகோட்டி ஐந்து பாகம் கயிறு விட்டு இறுகக் கட்டினார். "இது போதும் பாபு. சேறு நல்ல சேறு" என்றார். எங்கிருந்து நோக்கினாலும் தெரியும்படி வெள்ளை விளக்கொன்றைக் கம்பத்தில் ஏற்றினார். உணவு முடிந்ததும் உறங்கிவிட்டார்.

எனக்கு உறக்கம் வரவில்லை. நள்ளிரவுக்குப் பின் காற்று வலுத்தது. அலை படகின் அடியில் அறைந்தது. நங்கூரம் பெயர்ந்து, படகு எங்கோ அடித்துச் செல்லப்படுமோ என்னும் அச்சம் எழுந்தது. காற்று வலுத்தால் மேலும் கயிறு விடுதல் வேண்டும் என்று நூலில் படித்திருந்தேன். படித்தது நினைவுக்கு வந்தபின் கை சும்மா இருக்குமா? கிழவரை எழுப்பாமல் கட்டைத் தளர்த்தி மேலும் ஐந்து பாகம் விட்டேன். படகின் துள்ளல் குறைந்தது. அறிவோடு ஒரு செயல் செய்துவிட்டதாக மகிழ்ந்து, நானும் உறங்கினேன்.

விடிந்தபோது காற்று திசை மாறியிருந்தது. மாலையில் கடற்பக்கமிருந்து வீசியது, இப்போது கரைப்பக்கமிருந்து வீசிற்று. நங்கூரமிட்ட படகு ஒரு புள்ளியில் நிற்பதில்லை. காற்று திரும்புந்தோறும் தன் கயிற்றையே ஆரமாகக் கொண்டு வட்டமிடும். என் படகு அவ்வாறு சுற்றி, மூங்கிற் கழிகளை வரிசையாக நட்டுக் கட்டியிருந்த வலைவேலி ஒன்றினுள் பின்புறமாகப் புகுந்திருந்தது. இரண்டு கழிகள் சாய்ந்து கிடந்தன. வலை கிழிந்து சுழல்விசிறியில் சுற்றிக்கொண்டிருந்தது. வேலியின் மூலையில் இறாலுக்கென்று வைத்திருந்த பொறிக்கூடு வாய் பிளந்து மிதந்தது; உள்ளே ஒன்றுமில்லை.

படகோட்டி கயிற்றைப் பார்த்தார். பின் என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. நானே சொன்னேன்.

சுற்றிலும் மனித நடமாட்டம் இல்லை. வலையை அறுத்து விசிறியை விடுவித்தால் கால்மணி நேரத்தில் புறப்பட்டுவிடலாம். நண்பருக்கு இரயில் இருந்தது. "அறுத்துவிட்டுப் புறப்படலாம்" என்று முதலில் சொன்னவன் நானே. அதற்கு ஒரு நியாயமும் என்னிடம் ஆயத்தமாக இருந்தது. "ஏரி பொதுச் சொத்து. இவ்விடத்தில் கழி நட இவருக்கு உள்ள உரிமை, நங்கூரமிட எனக்கும் உண்டு. இருளில் அவர் விளக்கு வைக்கவில்லை, நாம் வைத்திருந்தோம்" என்றேன்.

படகோட்டி சொன்னது இதுதான்: "பாபு, யார் செய்தார் என்று இந்த வலைக்காரனுக்குத் தெரியாமற் போனால், இனி இந்தப் பக்கம் தங்கும் எல்லாரையும் அவன் சந்தேகிப்பான்."

நண்பரின் மகன் எங்கள் இருவர் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். நண்பர் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டார். "காத்திருப்போம்" என்றார்.

அந்தக் காத்திருப்பில் என் நியாயத்தை நானே சோதித்துப் பார்க்க நேரம் கிடைத்தது.

நீர் பொது என்பது பழமையான கருத்து. கி.பி. 533இல் தொகுக்கப்பட்ட ஜஸ்டினியனின் உரோமச் சட்டமே காற்று, ஓடும் நீர், கடல், கடற்கரை ஆகியவை இயற்கையால் எல்லார்க்கும் பொது என்று கூறுகிறது. நம் உச்சநீதிமன்றமும் 1996 திசம்பரில் பியாசு ஆற்றைப் பற்றிய வழக்கொன்றில், இத்தகைய இயற்கை வளங்களை மக்கள் பொருட்டு அரசு அறங்காவலனாக இருந்து காக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆயினும், பொது என்பதற்கு எவருடையதும் அன்று என்பது பொருளாகாது. எல்லாருடையதும் என்பதே பொருள். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. எவருடையதும் அல்லாத பொருளை எடுப்பவன் யாரையும் கேட்க வேண்டியதில்லை. எல்லாருடையதுமான பொருளைத் தொடுபவனோ எல்லாரையும் எண்ணிப் பார்த்தாக வேண்டும். நான் முதற்பொருளைக் கொண்டு என் குற்றத்தை மூட முயன்றேன்.

மேலும், சிலிகாவில் கழி நடுபவர் மனம்போன இடத்தில் நட்டுவிடுவதில்லை. எந்தக் குலத்தார் எந்த வலையை, எந்தப் பருவத்தில், எந்தப் பகுதியில் இடுவது என்பதற்குத் தலைமுறைகளாக வழக்கங்கள் உண்டு. அவ்வழக்கங்களின்மேல் கூட்டுறவுச் சங்கங்களின் குத்தகை முறையும் அமைந்தது. தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட நோலியா மீனவரும் இவ்வேரியை நம்பி வாழ்கின்றனர். என் கண்ணுக்கு வெறும் நீராகத் தெரிந்த பரப்பு, அங்கு வாழ்வோர்க்கு வரப்பும் வாய்க்காலும் உள்ள வயல். அந்த வரப்பை அறியாமை என் குற்றமன்று. அறிந்தவரை எழுப்பிக் கேளாமல் கயிற்றை விட்டதே குற்றம்.

இன்னும் ஒன்று. நூல் சொன்ன கணக்கு பிழையன்று. கயிறு நீண்டால் நங்கூரம் நிலைக்கும், உண்மை. ஆனால் அக்கணக்கு படகைப் பற்றியது. அண்டையில் இருப்பவரைப் பற்றியதன்று. ஐந்து பாகத்தைப் பத்துப் பாகமாக்கியபோது என் பாதுகாப்பு இருமடங்கானது என்று எண்ணினேன். வட்டத்தின் ஆரம் இருமடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும் என்பது பள்ளிப் பிள்ளையும் அறிந்தது. என் அச்சத்தைத் தணிக்க, ஏரியில் முன்பு எடுத்ததைப்போல் நான்கு மடங்கு இடத்தை எடுத்துக்கொண்டேன். அதில் மற்றொருவர் வாழ்வு இருந்தது. தீய எண்ணத்தால் பிறர்க்குக் கேடு செய்வோர் சிலரே. தம் பாதுகாப்பின் பொருட்டு வேண்டியதற்கு மேலும் இடம் கொள்வோர் பலர். இரண்டாம் வகையினர் தம்மைக் குற்றவாளிகளாக எண்ணுவதே இல்லை.

படகோட்டியின் சொல்லையும் எண்ணினேன். அதில் உலகியல் உண்மை உள்ளது. அயலூரில் ஒருவன் செய்யும் பிழை அவனோடு நிற்பதில்லை. அவன் மொழியாரின் கணக்கில், ஊராரின் கணக்கில் ஏறிவிடுகிறது. குடிபெயர்ந்து வாழும் நாம் இதனை நன்கு அறிவோம். "நம்மவர் பெயர் கெடக்கூடாது" என்று பிள்ளைகளுக்கு எத்தனை முறை சொல்லியிருப்போம்! ஆயினும், அறத்தின் அடிப்படையாகப் பெயரை மட்டும் வைத்தல் போதாது. பெயருக்கு அஞ்சியே நல்லது செய்பவன், பெயர் கெடாது என்று தெரிந்த இடத்தில் என்ன செய்வான்? அன்று காலை நானே அதற்குச் சான்று. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும் கத்தியைத்தான் தேடினேன்.

ஆகவே வேறோர் அடிப்படை வேண்டும். ஜெர்மானிய மெய்யறிஞர் கான்ட், நிலையான அமைதி குறித்து 1795இல் வெளியிட்ட நூலில் இதனைத் தொட்டுப் பேசுகிறார். நிலவுலகம் உருண்டை, அதன் பரப்பு எல்லையற்றதன்று, ஆதலின் மக்கள் ஒருவரையொருவர் அடுத்து வாழ்ந்தே தீர வேண்டும். அதனால் எவனும் எந்நாட்டுக்கும் வந்து பகையின்றி நிற்க உரிமை உடையவன். எனினும் விருந்தாக ஏற்றுக்கொள்ளுமாறு வற்புறுத்த உரிமையில்லை என்பது அவர் கருத்து. வாணிகத்துக்கு வந்து நாட்டையே கைக்கொண்ட ஐரோப்பியரை அவர் அங்கே கண்டிக்கவும் தவறவில்லை. வருகைக்கு உரிமை உண்டு. வந்த இடத்தைத் தனதாக்க உரிமை இல்லை. தங்குவதற்கு இடம் கொடுத்தோர், நமக்குக் கடன்பட்டுக் கொடுக்கவில்லை, கொடுத்தார்கள். விருந்தினன் அறம் இங்கிருந்து தொடங்குகிறது. அது பெயருக்கு அஞ்சுவதன்று, பெற்றதை உணர்வது. பார்ப்பார் இல்லாத இடத்திலும் அவ்வுணர்வு உடன் இருக்கும்.

ஏழு மணியளவில் வலைக்காரர் தம் சிறு படகைக் கழியூன்றித் தள்ளிக்கொண்டு வந்தார். நடந்ததைச் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். அவர் முகத்தில் கனிவு எதுவும் தோன்றவில்லை. கதைகளில் வருவதுபோல் "பரவாயில்லை" என்று சொல்லவுமில்லை. நீரில் இறங்கி வலையை முழம் முழமாகப் பார்த்தார். கழிக்கு இவ்வளவு, நூலுக்கு இவ்வளவு, ஓர் இரவின் இறாலுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொன்னார். அது நியாயமான தொகை என்று படகோட்டி தலையசைத்தார். கொடுத்தேன். எண்ணி மடியில் வைத்துக்கொண்டு, அறுக்காமல் வலையை அவரே விசிறியிலிருந்து பொறுமையாகப் பிரித்தெடுத்தார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. புறப்படும்போது, "அடுத்த முறை வெளிச்சத்திலேயே கழிகளைப் பார்த்துக்கொண்டு நங்கூரம் போடுங்கள், தெரியாவிட்டால் கரையில் கேளுங்கள்" என்று சற்றுக் கடிந்தே சொன்னார். பிறகு படகோட்டியிடம், "இவர்களாவது இருந்து சொன்னார்கள்" என்றார்.

அச்சொல்லின் பின்னே ஒரு வரலாறு உண்டு. 1980களிலும் 1990களிலும் இறாலுக்கு வெளிநாட்டுச் சந்தையில் விலை ஏறியபோது, சிலிகாவைப் பெரிய வலையடைப்புகள் சூழ்ந்தன. பெருநிறுவனமொன்றின் இறால் பண்ணைத் திட்டத்தை எதிர்த்து 1991, 1992ஆம் ஆண்டுகளில் மீனவரும் மாணவரும் போராடினர், திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் அடைப்புகள் நிற்கவில்லை. வெளியார் மட்டுமல்லர், அண்டை ஊர்களின் வசதி படைத்தோரும் அவற்றை அமைத்தனர் என்பதையும் சொல்ல வேண்டும். 1999 மே மாதத்தில் சொரணாவில் நடந்த காவல்துறைத் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். கேளாமல் நீளவிட்ட கயிறுகள் அந்த ஏரியில் பல.

இங்கே தமிழர் நாம் நினைவில் வைக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. நாகைக் கடற்கரையில் இறால் பண்ணைகளால் நிலமும் குடிநீரும் உவர்ப்பாவது கண்டு, பூதான இயக்கத்தில் வினோபாவுடன் உழைத்த காந்தியர் எஸ். ஜெகந்நாதன் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 1996 திசம்பர் 11ஆம் நாள் வழங்கப்பட்ட தீர்ப்பு, நாகைக்கு மட்டும் துணையாக நிற்கவில்லை. சிலிகா, பழவேற்காடு ஆகிய இரு காயல்களிலிருந்தும் 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது என்றும் விதித்தது. பின்னர் 2005இல் நாடாளுமன்றம் கடலோரப் பண்ணைகளுக்கென வேறு சட்டம் இயற்றியது. தீர்ப்பின் ஆணைகள் யாவும் அவ்வண்ணமே நிறைவேறவில்லை. எனினும், தம் ஊர்க் குடிநீருக்காக வழக்காடிய ஒரு தமிழரின் முயற்சி, ஒடியா மீனவரின் நீருக்கும் வேலியாயிற்று. நங்கூரக் கயிறும் நீளும், துணைக்கரமும் நீளும். எது நீண்டது என்பதே அறத்தின் வினா.

சிலிகாவுக்கும் நற்காலம் திரும்பியது. மணல் மேடிட்டுக் கடல்வாய் அடைபட்டதால் உப்புக் குறைந்து, களை மண்டி, மீன்வளம் சரிந்திருந்தது. 1993இல் ராம்சார் அமைப்பு அதனை ஆபத்துக்குள்ளான ஈரநிலமாகக் குறித்தது. 2000 செப்டம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டது. கடல்நீர் வந்து போகலாயிற்று, மீனும் பெருகிற்று, 2002இல் அக்குறிப்பு நீக்கப்பட்டது. வருகையை முற்றும் அடைத்தால் காயல் கெடும்; வரும் கடல் கரையையே விழுங்கினாலும் காயல் இல்லை.

நாம் இன்னும் எத்தனை காலம் விருந்தினர் என்று சிலர் கேட்கக்கூடும். முப்பது, நாற்பது ஆண்டு வாழ்ந்து, வரி செலுத்தி, இங்கே பிள்ளைகளைப் பெற்று வளர்த்தவர் என்றும் ஒதுங்கியே நிற்க வேண்டுமா? வேண்டியதில்லை. சட்டம் நம்மைக் குடிமக்கள் என்கிறது. இங்குப் பிறந்த நம் பிள்ளைகளுக்கு இதுவே ஊர். ஆனால் ஆண்டுக் கணக்கு மட்டும் எவரையும் அண்டைவீட்டாராக ஆக்கிவிடாது. கணக்குக் கேட்கும்போது நின்று விடை சொல்பவனே அண்டைவீட்டான். அன்று அந்த வலைக்காரர் எங்களை உபசரிக்கவில்லை, கடிந்துகொண்டார். வழிப்போக்கனை யாரும் கடிவதில்லை. வசை கூறி விட்டுவிடுவார்கள். அடுத்த முறை இவ்வாறு செய் என்று சொன்னவர், அடுத்த முறை ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொண்டார். விருந்தினனுக்கு அதனினும் பெரிய வரவேற்பு வேறில்லை.

நண்பர் அன்று இரயிலைத் தவறவிட்டார். அவர் மகன் இப்போது கல்லூரியில் படிக்கிறான். அண்மையில் அவன் நண்பர்களோடு ஏரிக்குச் சென்று வந்ததாகச் சொன்னான். இரவு தங்கினாயா என்று கேட்டேன். "தங்கினோம், மாமா. பொழுது சாய்வதற்கு முன்பே கரைக்குப் போய், எங்கே கழிகள் இருக்கின்றன என்று கேட்டுக்கொண்டு வந்தோம்" என்றான். எத்தனை பாகம் கயிறு விட்டாய் என்று நான் கேட்கவில்லை.